சைக்கிள் பந்தய கிளப்பை ஆன்லைன் பதிவுக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு விடிகாலையில் டைம் ட்ரையல், அதாவது ஒவ்வொருவராக இடைவெளி விட்டுக் கிளம்பி நேரத்தை மட்டும் பார்க்கும் பந்தயம், நடத்தும் சின்ன சைக்கிள் கிளப்புகளுக்காக எழுதியது இது. இங்கே சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பந்தயம் நடத்துகிறோம். பதிவு என்றால் வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடுவதும், ஒருவர் அதை நோட்டில் எழுதிக்கொள்வதும்தான். எங்கள் கிளப் இதை ஆன்லைனுக்கு மாற்றியபோது உறுப்பினர்கள் கேட்டவையும், பக்கத்து ஊர் கிளப்காரர்கள் போன் போட்டுக் கேட்டவையும் கீழே இருக்கின்றன.

இப்போது நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

நாற்பது பேர், எல்லோரும் தெரிந்த முகங்கள் என்றால் மாற்ற வேண்டாம். நோட்டே போதும்.

எண்ணிக்கை நூறைத் தொட்டதும் சனிக்கிழமை ராத்திரி தாங்காது. “அண்ணா, பேரைப் போட்டுக்கோங்க, காசு நேர்ல தர்றேன்” என்று சொன்னவர்களில் யார் வருவார்கள், யார் தூங்கிவிடுவார்கள் என்று ஞாயிறு காலை ஐந்து மணிக்குத்தான் தெரியும். ஆனால் காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் எத்தனை பேர் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். ஆம்புலன்ஸ் ஒன்றா இரண்டா என்று சொல்ல வேண்டும். பொங்கலுக்கும் வடைக்கும் மாஸ்டரிடம் வெள்ளிக்கிழமையே கணக்கு கொடுக்க வேண்டும். பணம் கட்டியவர் பெரும்பாலும் வந்துவிடுவார். பெயர் மட்டும் கொடுத்தவரை நம்பி வடை சுட முடியாது.

வேலை குறையும் என்று நினைத்து மாற்றாதீர்கள். முதல் இரண்டு மூன்று பந்தயங்களுக்கு வேலை கூடத்தான் செய்யும். கடைசி ராத்திரியில் குவிந்த வேலை மூன்று வாரத்துக்குப் பரவும், அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே பெரிய விடுதலை.

எந்தத் தளம் நல்லது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி இது.

உங்கள் கிளப்பில் நோட்டு வைத்திருக்கிறாரே ஒருவர், முதலில் அவருடன் ஒரு மாலை உட்காருங்கள். அந்த நோட்டில் பெயர்கள்தான் இருக்கும், விதிகள் இருக்காது. விதிகள் அவர் தலையில் இருக்கின்றன. “தம்பிக்குப் பதினெட்டு முடியல, ஆனா நல்லா ஓட்டுவான், ஓப்பன்ல போடு.” “அவர் ரோட் பைக் இல்லாம வருவார், ஹைப்ரிட்ல சேர்த்துடு.” “இவங்க ரெண்டு பேரும் ஒரே கார்ல வர்றாங்க, அடுத்தடுத்து நம்பர் கொடு.” “டாக்டர் சார் கடைசி நாள்தான் சொல்லுவார், அவருக்கு ஒரு இடம் வச்சிரு.” இத்தனையும் அவர் போகிற போக்கில் தீர்த்துவைத்தவை. கம்ப்யூட்டருக்குப் போகிற போக்கு தெரியாது. ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஆம் அல்லது இல்லை என்று சொல்லித்தர வேண்டும்.

வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்கு மேற்பட்டோர் பிரிவு என்று போட்டிருக்கிறீர்கள். எந்தத் தேதியில் நாற்பது? பந்தய நாளிலா, ஆண்டு முடிவிலா? சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ பிறந்த ஆண்டை மட்டும் பார்க்கிறது. பந்தயம் நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவதுதான் பந்தய வயது. மாஸ்டர்ஸ் எனும் மூத்தோர் தடகளத்தில் போட்டி நாளன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதிவையுங்கள். எங்கள் கமிட்டியில் பத்து வருடமாக இருக்கும் இருவர் இரண்டு விதமாக நினைத்துக்கொண்டிருந்தது அந்த மாலையில்தான் வெளியே வந்தது.

விதிகள் ஒரு பக்கத்தில் எழுதி முடிந்ததும் தளத்தைத் தேடலாம். அப்போது கேட்க வேண்டியவை தானாகவே தெரிந்துவிடும்: பிரிவு வாரியாக இடங்களுக்கு உச்சவரம்பு வைக்க முடியுமா, காத்திருப்போர் பட்டியல் உண்டா, பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா, பணம் எப்போது கைக்கு வரும். கடைசிக் கேள்வி முக்கியம். சில டிக்கெட் தளங்கள் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் பணத்தை அனுப்பும். ஆம்புலன்ஸ்காரர் அதுவரை பொறுக்க மாட்டார்.

யார் எப்போது கிளம்புவது என்பதை கம்ப்யூட்டரே முடிவு செய்யாதா?

பதிவு செய்த வரிசையில் நம்பர் போடுவது தளத்துக்குச் சுலபம். டைம் ட்ரையலுக்கு அது சரிவராது.

டைம் ட்ரையல் பிறந்த இடத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் 1890-களில் சாலையில் கூட்டமாக ஓட்டும் பந்தயத்தை அங்கிருந்த தேசிய சைக்கிள் சங்கமே தடுத்தது. போலீசுடன் தகராறு வந்தால் சைக்கிளுக்கே சாலையில் இடமில்லாமல் போய்விடும் என்று பயம். அப்போதுதான் பிட்லேக் என்பவர் 1895 அக்டோபரில் 50 மைல் பந்தயம் ஒன்றை, ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பி நடத்திக் காட்டினார். அந்த முறை வேரூன்றியது. தபாலில் விண்ணப்பம், கூடவே காசோலை, முன்கூட்டிய கடைசித் தேதி என்று பல பத்தாண்டுகள் தொண்டர்களே அதை நடத்தினார்கள். இப்போது அங்கேயும் பதிவு ஆன்லைனில்தான்.

அந்தப் படிவத்தில் ஓட்டுகிறவர் தன் முந்தைய நேரங்களைக் குறிப்பிட வேண்டும். நடத்துகிறவர் அதைப் பார்த்து, பலசாலிகளுக்கு 10, 20, 30 என்று பூஜ்ஜியத்தில் முடியும் எண்களையும், அடுத்த நிலையில் இருப்பவர்களுக்கு ஐந்தில் முடியும் எண்களையும் கொடுப்பார். நிமிடத்துக்கு ஒருவர் கிளம்புவதால் இரண்டு பலசாலிகளுக்கு நடுவே பத்து நிமிடம் இருக்கும். ஒருவர் இன்னொருவரைப் பிடித்து, அவர் முதுகுக்குப் பின்னால் காற்றில்லாமல் ஓட்டும் வாய்ப்பு குறையும்.

இதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். படிவத்தில் “கடந்த ஓராண்டில் 20 கிலோமீட்டருக்கு உங்கள் சிறந்த நேரம்” என்று ஒரு கேள்வி. பதிவு முடிந்ததும் பட்டியலை இறக்கி, நேரப்படி அடுக்கி, கையால்தான் எண் போடுகிறோம். நூறு பேருக்கு ஒரு மணி நேர வேலை. இதையும் தானியங்கியாக்க முடியும்தான். ஆனால் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த மூன்று வாரம் நிரல் எழுதும் ஆசாமி எல்லா கிளப்பிலும் ஒருவர் இருக்கிறார், அவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

கூகுள் ஃபார்மும் ஜிபே நம்பரும் போதாதா?

பாதி வழிக்குப் போதும். முதல் பந்தயத்துக்கு நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். சிக்கல் எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டில்தான் வருகிறது. படிவத்தில் ஒருவர் பெயர், வங்கிக் கணக்கில் அவருடைய மனைவி பெயர், ஸ்கிரீன்ஷாட்டில் நேற்றைய தேதி. எது எதனுடன் பொருந்துகிறது என்று பார்க்க பொருளாளர் ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். பழைய படத்தையே மறுபடி அனுப்புகிறவரும் உண்டு, தெரியாமலும் தெரிந்தும்.

ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். வங்கி ஸ்டேட்மெண்டிலும் அதே எண் இருக்கும், எக்செல்லில் ஒரு சூத்திரம் போட்டால் இரண்டும் பொருந்திவிடும். ஒரு விஷயம்: அந்த நெடுவரிசையை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எக்செல் அந்த எண்ணை 4.12E+11 என்று சுருக்கிக் காட்டி வயிற்றில் புளியைக் கரைக்கும்.

பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும்?

கிளப் கணக்குக்கு. செயலாளர் நல்லவர்தான், யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் அவருடைய சேமிப்புக் கணக்கில் ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான சிறு தொகைகள் விழுந்தால் வருமான வரிக் கணக்கில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

பேமெண்ட் கேட்வே, அதாவது ஆன்லைனில் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் சேவை, வேண்டுமென்றால் கிளப்புக்குச் சட்டப்படி ஓர் உருவம் வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிந்துகொள்கிறார்கள். பதிவுச் சான்றிதழ், கிளப் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, இவற்றோடு பணம் திருப்பித் தரும் விதிமுறை, தொடர்பு முகவரி எல்லாம் உள்ள ஓர் இணையப் பக்கத்தையும் கேட்வே நிறுவனங்கள் கேட்கும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். பந்தயத் தேதியை அறிவித்துவிட்டு இதைத் தொடங்காதீர்கள்.

கேட்வே கட்டணத்தை யார் ஏற்பது?

500 ரூபாய் நுழைவுக் கட்டணம், கேட்வே 2 சதவீதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1 ரூபாய் 80 காசு. உங்கள் கைக்கு 488 ரூபாய் 20 காசு வரும். யுபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர், அதாவது பணம் பெறுகிறவரிடம் வங்கிகள் பிடிக்கும் கட்டணம், கிடையாது. ஆனாலும் கேட்வே தன் சேவைக்கென்று தனியாக வசூலிக்கலாம், ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

எங்கள் முடிவு: கட்டணத்தை 520 ஆக்கிவிட்டோம். கடைசிப் பக்கத்தில் “வசதிக் கட்டணம்” என்று ஒரு சில்லறைத் தொகையைச் சேர்த்தால் பன்னிரண்டு ரூபாய்க்காக வாட்ஸ்அப்பில் முந்நூறு செய்தி ஓடும்.

ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?

சேவைகளுக்கு ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. ஸ்பான்சர் பணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் ஆடிட்டரைப் பாருங்கள், சைக்கிள்காரர்களைக் கேட்காதீர்கள்.

படிவத்தில் என்னென்ன கேட்பது?

குறைவாகக் கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் “ஞாயிறு காலை இதை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று பதில் சொல்ல முடிய வேண்டும்.

பெயர்தான் பெரிய தலைவலி. வெளிநாட்டில் செய்த தளங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும், இரண்டும் கட்டாயம். எஸ். கார்த்திக் என்பவர் ஒரு தடவை கார்த்திக் எஸ் என்றும், இன்னொரு தடவை கார்த்திகேயன் சுப்பிரமணியன் என்றும் பதிவார். கடைசிக் கட்டத்தில் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போகிறவரும் உண்டு. முடிவுப் பட்டியலில் பார்த்தால் மூன்று பேர். முடிந்தால் ஒரே கட்டம் வைத்து “சான்றிதழில் எப்படி வர வேண்டுமோ அப்படி எழுதுங்கள்” என்று போடுங்கள். எங்களுக்கு இந்த ஒரு வரியால் பாதித் தொல்லை ஒழிந்தது.

அடுத்து போன் நம்பர். ஒரு நம்பருக்கு ஒரு பதிவு என்று தளத்தில் பூட்டுப் போடாதீர்கள். அப்பா ஒரே நம்பரில் தனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பதிவார், அது நம் ஊர் நடைமுறை.

ரத்த வகை கேட்பது நம் படிவங்களில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. மருத்துவமனையில் அதை நம்பி ரத்தம் ஏற்ற மாட்டார்கள், சோதித்துத்தான் ஏற்றுவார்கள். அதற்குப் பதில் அவசரத் தொடர்பு எண்ணை ஒழுங்காக வாங்குங்கள். அதே பந்தயத்தில் ஓட்டுகிற நண்பரின் எண்ணைக் கொடுத்தால் பிரயோஜனமில்லை, அவருடைய போன் காரில் கிடக்கும். ஒவ்வாமை, தொடர்ந்து எடுக்கும் மருந்து, இவை இரண்டும் விருப்பக் கேள்விகளாக இருக்கட்டும்.

ஆதார் நகல் கேட்கவே கேட்காதீர்கள். வயதுச் சான்று வேண்டுமென்றால் நம்பர் வாங்க வரும்போது ஏதாவது ஒரு அட்டையைக் காட்டட்டும். நூறு பேருடைய ஆதார் படங்கள் யாரோ ஒருவருடைய கூகுள் டிரைவில் வருடக்கணக்கில் கிடப்பது நல்லதல்ல.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பதிவு செய்யலாமா?

பெற்றோர் செய்ய வேண்டும், பிள்ளை செய்யக் கூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஐச் சேர்ந்தது. அதன்படி மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. பையன் “விதிகளை ஏற்கிறேன்” என்று டிக் அடித்ததற்கு மதிப்பில்லை. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு முடியாதவர்களைக் குழந்தைகள் என்றே வைத்து, அவர்கள் விவரங்களைச் சேகரிக்கப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. நாங்கள் படிவத்தில் பெற்றோர் பெயரும் எண்ணும் வாங்கிக்கொண்டு, காலையில் காகிதத்திலும் ஒரு கையெழுத்து வாங்குகிறோம். கூட யாரும் வராத பையனுக்கு நம்பர் கொடுப்பதில்லை. இதில் மட்டும் கறாராக இருக்கிறோம்.

பெரியவர்கள் ஆன்லைனில் டிக் அடிப்பது போதுமானது. மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. ஆனால் உறுதிமொழி வாங்கிவிட்டோம் என்பதற்காகத் திருப்பத்தில் தொண்டர் இல்லாமல் பந்தயம் நடத்த முடியாது. உங்கள் அலட்சியத்தை அந்த டிக் மூடி மறைக்காது.

எங்கள் மூத்த உறுப்பினர்களுக்கு ஆன்லைன் வராதே?

நீங்கள் நினைப்பதைவிட அவர்கள் நன்றாகவே செய்வார்கள், கரண்ட் பில் கட்டுகிறவர்கள்தானே. வராதவர்களுக்கு ஒரு தொண்டர் போனில் கேட்டு, அதே படிவத்தை நிரப்பித் தரட்டும். பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தொண்டர் தன் போனிலிருந்து கட்டட்டும்.

“அவருக்கு மட்டும் நோட்டில் எழுதிக்கலாம்” என்று ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் ஐந்தாவார், ஐந்து இருபதாகும். அப்புறம் ஆன்லைனில் ஒரு பட்டியல், நோட்டில் ஒன்று, ஞாயிறு காலை இரண்டுக்கும் நடுவில் சண்டை. உதவி எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள், பட்டியல் ஒன்றுதான்.

ஸ்பாட் என்ட்ரி உண்டா?

சில இடங்களை மட்டும் ஒதுக்கிவைத்து, கட்டணத்தைக் கூட்டி வையுங்கள். அவர்களை வரிசையின் முன்னால் விடுங்கள். டாக்டர் சாருக்கும் இதேதான்.

பதிந்தவர் வரவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

தேதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் முன்பு வரை சொன்னால் கேட்வே பிடித்தது போக மீதி திரும்பும், அதற்குப் பிறகு கிடையாது என்பது எங்கள் விதி. எவ்வளவு எழுதிவைத்தாலும் “காய்ச்சல் அண்ணா” என்று சனிக்கிழமை போன் வரும். அடுத்த பந்தயத்துக்கு வரவு வைப்பது பணம் திருப்புவதைவிடப் பொருளாளருக்குச் சுலபம், கேட்டவருக்கும் திருப்தி.

தன் நம்பரை நண்பருக்குக் கொடுத்து அனுப்புவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். விழுந்து மயங்கியவருடைய நம்பரைப் பார்த்து வேறொருவர் வீட்டுக்குப் போன் போடும் நிலைமை வரக் கூடாது. பெயர் மாற்றம் வேண்டுமென்றால் வியாழன் இரவுக்குள் பட்டியலிலேயே மாற்றிக்கொள்ளட்டும்.

பந்தயத்தை நீங்களே ரத்து செய்தால், மழையோ அனுமதி மறுப்போ, என்ன செய்வீர்கள் என்பதையும் முன்பே எழுதுங்கள்.

தொண்டர்கள் கிடைப்பதே இல்லை. ஆன்லைன் பதிவு இதற்கு உதவுமா?

நன்றாக உதவும். அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்று கார்களை நேரம் வைத்து ஓட்டும் கிளப் பந்தயங்களில், ஓட்ட வருகிறவர் இன்னொரு சுற்றில் மைதானத்தில் நின்று வேலையும் பார்க்க வேண்டும். சாய்ந்த கூம்பை நிமிர்த்துவது, கொடி பிடிப்பது மாதிரி வேலைகள். எந்த வேலை உங்களுக்கு என்று பதிவின்போதே கேட்டுவிடுவார்கள்.

நாங்கள் அவ்வளவு கண்டிப்பாகப் போகவில்லை. “இந்த ஆண்டு எந்தப் பந்தயத்தில் தொண்டராக நிற்பீர்கள்?” என்று தேதிகளுடன் ஒரு கேள்வி சேர்த்தோம். “விருப்பமில்லை” என்பதும் ஒரு தேர்வு. குழுவில் கெஞ்சும்போது வாய் திறக்காதவர்கள் படிவத்தில் தேதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பந்தயக் காலையில் என்ன மாறும்?

காகிதம் மாறாது. தொடங்குமிடத்தில் சிக்னல் இருக்காது, இருந்தாலும் அதை நம்பாதீர்கள். பட்டியலை இரண்டு விதமாக அச்சடியுங்கள்: பெயர் வரிசையில் ஒன்று நம்பர் கொடுக்கும் மேசைக்கு, எண் வரிசையில் ஒன்று கிளப்பிவிடுகிறவருக்கு. இரண்டு டார்ச், ஊக்கு ஒரு டப்பா கூடுதலாக. நூறு பேருக்கு கியூஆர் ஸ்கேன் எல்லாம் வேண்டியதில்லை, பெயரைச் சொன்னால் டிக் அடித்து நம்பரைக் கொடுக்க நாலு விநாடி.

கடவுச்சொல் யாரிடம் இருக்க வேண்டும்?

கிளப் பெயரில் ஒரு மின்னஞ்சல், குறைந்தது இரண்டு பேருக்கு அனுமதி. கணக்குத் திறந்தவருடைய சொந்த போனுக்குத்தான் ஓடிபி போகும் என்றால், அவர் மச்சான் கல்யாணத்தில் மலைக்கிராமத்தில் இருக்கும் வாரத்தில்தான் படிவம் தகராறு செய்யும். பதவி மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் ஒப்படைக்க வேண்டும் என்று கமிட்டித் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

எப்போது மாறுவது நல்லது?

ஆண்டின் பெரிய பந்தயத்தில் வேண்டாம். கூட்டம் குறைவாக வரும் ஒரு மாதத்தில் சின்னப் பந்தயம் ஒன்றில் தொடங்குங்கள். படிவத்தைத் திறப்பதற்கு முந்தைய வாரம் கமிட்டியில் எல்லோரும் ஒரு ரூபாய் கட்டணத்தில் பதிந்து பாருங்கள். ஒருவர் பிறந்த தேதியைத் தப்பாகப் போடட்டும், ஒருவர் பணம் கட்டும்போது நடுவில் போனை அணைக்கட்டும், ஒருவர் இரண்டு தடவை கட்டட்டும். உறுப்பினர்கள் இந்த மூன்றையும் முதல் நாளே செய்வார்கள்.

பட்டியலை இறக்கினால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வருகின்றனவே?

கோப்பில் கோளாறு இல்லை, எக்செல் அதைத் திறக்கும் விதத்தில்தான். இறக்கிய சிஎஸ்வி கோப்பை (வெறும் எழுத்தாக வரும் பட்டியல்) நேராக இருமுறை தட்டித் திறக்காமல், எக்செல்லில் ‘டேட்டா’ பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் கோப்பாக உள்ளே கொண்டுவந்து, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அல்லது கூகுள் ஷீட்டில் திறங்கள், சரியாக வந்துவிடும். அப்படியே அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள், பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். பிடிஎஃப் ஆக்கி அனுப்பி, ஒரு நம்பர் அட்டையை மட்டும் அடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.